இரைகிற பெட்டியும் தூர்ந்த குளமும்: பழைய கிற்றார் பெடலில் மின் இரைச்சலைத் தேடிப் பிடிப்பது

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தேவாலயத்தில் கிற்றார் வாசிக்கிற பெடியன் ஒருவன் போன பங்குனியில் ஒரு பெட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணை, இது இரையுது. பாட்டை விட இதுதான் கூடக் கேக்குது" என்றான்.

பெட்டி என்று அவன் சொன்னது கிற்றார் பெடலை. கிற்றாரில் இருந்து வருகிற வயருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் நிலத்தில் கிடக்கும். காலால் மிதித்தால் ஒலியின் குணம் மாறும். இவன் கொண்டுவந்தது 1980களின் தொடக்கத்தில் யப்பானில் செய்த ஓவர்டிரைவ், அதாவது ஒலியைப் பெருக்கிக் கரகரக்க வைக்கிற வகை. கனடாவில் இருக்கிற மாமா இளவயதில் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் போட்டு வைத்தது. கூடவே வந்த அடப்டர் அந்த நாட்டு 120 வோல்ற்றுக்குச் செய்தது. அதை இங்கே 230 வோல்ற்றில் குத்தியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் கருகல் மணம் வந்து அதன் கதை முடிந்தது. (வெளிநாட்டில் இருந்து வருகிற எந்தச் சாமானையும் குத்த முதல் அதன் முதுகில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் குத்த வேண்டாம்.) பிறகு பெயர் ஊர் இல்லாத ஒரு அடப்டர் வாங்கியிருக்கிறான். அன்றைக்குத் தொடங்கியது இந்த இரைச்சல்.

இரைச்சல் என்றதும் பெடலைக் கழற்றிச் சோல்டரிங் அயனைச் சூடாக்குகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித் தொடங்கியவன்தான். பழுதில்லாத இரண்டு பெடல்களைப் பழுதாக்கிய பிறகுதான் எனக்கு ஒழுங்கு பிடிபட்டது. முதலில் காது, அப்புறம் ஒரு 9 வோல்ற் பற்றரி. அயன் கடைசியில்.

காதால் பிரிப்பது

அம்பிளிபயரைக் கூட்டிவிட்டு, கிற்றார்க் கம்பிகளைக் கையால் அமர்த்திக்கொண்டு கேளுங்கள். தாச்சியில் எண்ணெய் காய்கிற மாதிரி "ஸ்ஸ்" என்றால் அது சீறல். ஒலியைப் பெருக்குகிற எந்தச் சுற்றிலும் அது கொஞ்சம் இருக்கும், விட்டுவிடுங்கள். நுளம்பு காதடியில் பறக்கிற மாதிரி மெல்லிய கீச்சு என்றால் போன் சார்ஜர் வகை அடப்டரைச் சந்தேகிக்கலாம். அந்த வகை அடப்டர் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும். மலிவானவற்றில் அந்த வெட்டு ஒலிக்குள்ளும் கசியும். அடிவயிற்றில் இருந்து வருவது போல "ம்ம்ம்" என்று தடித்து, ஒரே சுருதியில் நின்றால், இன்றைக்கு நாம் தேடுவது அதைத்தான்.

அந்தச் சுருதியை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம், கிற்றாரே போதும். மிகத் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தி மீட்டுங்கள். அது ஜி சுரம், 98 ஹேட்ஸ். இரைச்சல் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹேட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50. நம் வீட்டு மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேட்ஸ். ஆகவே 50 என்றால் பெரும்பாலும் கிற்றாரின் பிக்கப்போ (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்) நல்லாக மூடாத வயரோ வீட்டு மின்சாரத்தை அப்படியே பிடிக்கிறது. 100 என்றால் அடப்டரைத் தாண்டி வந்த மின்சாரம் மட்டமாக வரவில்லை. இது கல்லில் எழுதிய விதி அல்ல. சின்ன ஸ்பீக்கர் 50ஐச் சரியாகச் சொல்லாது, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற டயோட்டு ஒன்றையே வைத்த மலிவு அடப்டர் 50இலேயே இரையும். ஆனாலும் பத்தில் ஏழெட்டுத் தடவை காது சரியான பக்கத்தைக் காட்டிவிடும். நம் பெடியனின் பெட்டி ஜிக்குச் சற்று மேலே நின்றது.

100 எங்கே இருந்து வருகிறது

போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வன்னியில் ஆண்டுக்கணக்காக மின்கம்பியில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். செய்தி நேரத்தில் சுற்றுவது என் வேலை. டைனமோ தருவது முன்னும் பின்னும் மாறிமாறி ஓடுகிற ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம். அதனால் அப்பா நடுவில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பூட்டியிருந்தார். அந்தக் கப்பாசிற்றர் நொந்துபோன காலத்தில் செய்தி வாசிக்கிறவரின் குரலுக்கு அடியில் "ர்ர்ர்" என்று ஒன்று கேட்கும். வேகமாகச் சுற்றினால் அதன் சுருதி ஏறும். கை உளைந்து மெதுவாக்கினால் இறங்கும். அப்பா திரும்பிப் பார்ப்பார், நான் திரும்பவும் வேகமாகச் சுற்றுவேன்.

இன்றைக்கும் அதைக் கேட்கலாம். ஜெனறேற்றரில் நடக்கிற கோயில் திருவிழாவுக்குப் போய், இரைகிற ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கூடுதலாக லைற் போட்டதும் இயந்திரம் கொஞ்சம் திணறும், இரைச்சலின் சுருதியும் கூடவே கொஞ்சம் இறங்கி ஏறும். ஸ்பீக்கருக்குள் இரைவது அந்த இயந்திரத்தின் சுழற்சிதான்.

சரி, 50 எப்படி 100 ஆனது? அடப்டருக்குள் முதலில் இருப்பது ட்ரான்ஸ்போமர். 230 வோல்ற்றை 9 வோல்ற் அளவுக்கு இறக்கும். அடுத்து நாலு டயோட்டு. பள்ளிக்கூடத்தில் ஓஎல் விஞ்ஞானப் புத்தகத்தில் பாலச் சீராக்கி என்று படித்தது இதுதான். ஆடலோட்டம் ஒரு சுற்றில் ஒருமுறை மேலே எழும்பும், ஒருமுறை கீழே இறங்கும். பாலம் கீழே போனதையும் மடக்கி மேலே திருப்பிவிடும். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. வினாடிக்கு 50 சுற்று என்றால் 100 மேடு, நடுவில் 100 பள்ளம். திசை ஒன்றாகிவிட்டது, மட்டம் இன்னும் வரவில்லை.

மட்டமாக்குவது கப்பாசிற்றரின் வேலை. புத்தகத்தில் கொள்ளளவி என்று இருக்கும், கடையில் அப்படிக் கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதன் வேலையை விளங்க எங்கள் இரணைமடுக் குளத்தைப் பார்த்தால் போதும். மழை ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும் கொட்டிவிட்டுப் போய்விடும். வயலுக்கோ தண்ணீர் அளவாக, தவறாமல் வேண்டும். நடுவில் குளம் நிற்கிறது. கனகராயன் ஆறு கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொண்டு, துருசு வழியே வாய்க்காலுக்குப் பதமாக விடுகிறது. அடப்டரில் ஒவ்வொரு மேடும் ஒரு மழை. கப்பாசிற்றர் குளம். பெடல் வயல். வயல் குடிக்கக் குடிக்கக் குளத்தின் மட்டம் கொஞ்சம் இறங்கும், அடுத்த மழை வந்து நிரப்பும். அந்த இறக்கமும் ஏற்றமும்தான் சிற்றலை. குளம் பெரிதானால் சிற்றலை சிறிது. குளம் தூர்ந்துபோனால் அதே மழை பெய்தும் பயனில்லை. வெள்ளம் வரும்போது வான் பாயும், வெயில் வந்ததும் வாய்க்கால் காயும்.

கப்பாசிற்றரும் தூர்ந்துதான் போகிறது. உருளை வடிவத்தில் இருக்கிற மின்பகுபொருள் வகையைச் சொல்கிறேன். அதற்குள் அலுமினியத் தாள் சுருட்டி இருக்கும், நடுவில் ஒரு திரவத்தில் ஊறிய கடதாசி. வருடம் போகப்போகத் திரவம் வற்றும், கொள்ளளவு குறையும். சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் வைத்திருக்கிற கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பெடலுக்கு அது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பெடல் 10 மில்லி அம்பியர் எடுக்கிறது. இரண்டு மேட்டுக்கு நடுவில் வினாடியில் நூறில் ஒரு பங்கு. குளம் 1000 மைக்ரோ பரட். ஓட்டத்தை நேரத்தால் பெருக்கிக் கொள்ளளவால் பிரித்தால் சிற்றலை வரும்: 0.1 வோல்ற். கப்பாசிற்றர் வற்றிப் பத்தில் ஒன்றாகி 100 மைக்ரோ பரட்டில் வந்து நின்றால் அதே சிற்றலை 1 வோல்ற். கிற்றார்க் கம்பியை அளவாக மீட்டினால் பிக்கப்பில் இருந்து வருவதே ஏறக்குறைய 0.1 வோல்ற்தான். வாசிக்கிற பாட்டை விடப் பெரிய அலை மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பெடியன் சொன்னது மிகையே இல்லை.

பற்றரி வைத்துப் பார்ப்பது

இந்த இரைச்சல் விசாரணையில் பொய் சொல்லாத சாட்சி ஒன்று உண்டென்றால் அது 9 வோல்ற் பற்றரி. பற்றரிக்குள் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அடப்டரின் பிளக்கைப் பெடலில் இருந்து முழுதாகக் கழற்றிவிட்டுப் பற்றரியைப் பூட்டுங்கள். அடப்டர் பிளக் குத்தியபடி இருந்தால் பல பெடல்களில் பற்றரி தானாகத் துண்டிக்கப்பட்டு இருக்கும், அதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கிற்றார் வயரை உள்ளீட்டில் குத்தினால்தான் பற்றரி இணையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பற்றரியில் இரைச்சல் அடங்கிவிட்டால் பழி மின்சாரப் பக்கத்தில். அடங்காவிட்டால் அடப்டரை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம், வயர், பிக்கப், அம்பிளிபயர் என்று வேறு பக்கம் போங்கள். அதைப் பிரிக்க இன்னொரு சின்ன வித்தை: கிற்றார் வயரைக் கழற்றிவிட்டு, முனையும் உறையும் சேர்த்துக் குறுக்கிப் பற்றவைத்த வெறும் பிளக் ஒன்றைப் பெடலின் உள்ளீட்டில் குத்துங்கள். அதோடு சத்தம் போனால் அது கிற்றாரில் இருந்து வந்தது. பழைய பிளக் ஒன்றில் ஐந்து நிமிடத்தில் செய்யலாம், பெட்டிக்குள் ஒன்று போட்டு வைத்திருங்கள்.

நம் பெட்டியில் பற்றரி போட்டதும் "ம்ம்ம்" சட்டென்று நின்றது. பெடியனின் முகம் மலர்ந்தது. "அப்ப பற்றரியிலயே வாசிக்கலாம்தானே?" வாசிக்கலாம். இந்த மாதிரிப் பெடல் குடிக்கிற கரண்டுக்கு நல்ல அல்கலைன் பற்றரி பல ஞாயிறு தாங்கும். ஆனால் அவனிடம் வேறு மூன்று பெடலும் இருக்கிறது, நாலுக்கும் பற்றரி வாங்கிக் கட்டுப்படியாகாது.

அடப்டர் பக்கம்

அடுத்து என்னிடம் இருந்த, மட்டம் பிடித்துக் கொடுக்கிற நல்ல அடப்டர் ஒன்றைப் பூட்டிப் பார்த்தோம். முக்கால்வாசி இரைச்சல் போனது. கால்வாசி நின்றது. அந்தக் கால்வாசிக்குப் பிறகு வருகிறேன், முதலில் போன முக்கால்.

பழைய அடப்டர்கள் பலவற்றுக்குள் ட்ரான்ஸ்போமர், டயோட்டு, கப்பாசிற்றர் மூன்றும்தான். 9 வோல்ற் என்று எழுதியிருக்கும். சுமையில்லாமல் மீற்றரில் அளந்தால் 12, 13 என்று காட்டும். அது பழுதல்ல, அவற்றின் சுபாவமே அது. மட்டம் பிடிக்கிற அடப்டர்களில் இதற்குப் பிறகு ஒரு ரெகுலேற்றர் இருக்கும். 7809 என்ற மூன்று கால் சில்லு அதில் பிரபலம். உள்ளே எவ்வளவு ஏறி இறங்கினாலும் வெளியே 9 வோல்ற்றிலேயே நிறுத்தும். வாய்க்காலின் தலைப்பில் நின்று கதவைத் திருப்பித் திருப்பி அளவு வைக்கிற ஆள் மாதிரி.

ஆனால் அந்த ஆளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 7809க்கு உள்ளே வருவது வெளியே கொடுப்பதை விட ஏறக்குறைய 2 வோல்ற் கூட இருக்க வேண்டும். அதாவது 11க்குக் கீழே இறங்கக் கூடாது. இங்கேதான் வன்னிக்காரருக்குப் பழக்கமான ஒரு மர்மம் அவிழும்: "பகல்ல ஒண்டுமில்லை அண்ணை, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் இரையுது." மின்கம்பியின் கடைசி வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஊரே லைற்றும் ரீவியும் போடுகிற நேரத்தில் 230 என்பது பேருக்குத்தான். அது 190க்கு இறங்கியது என்று வையுங்கள். 9 வோல்ற் ட்ரான்ஸ்போமரில் இருந்து டயோட்டைத் தாண்டி வருகிற உச்சம் 9ஐ ஒட்டி நிற்கும். ரெகுலேற்றருக்கு அது காணாது. பள்ளம் வரும் ஒவ்வொரு தடவையும் கைவிட்டுவிடும், சிற்றலை அப்படியே வெளியே வரும். சில்லு நல்லது, கப்பாசிற்றர் நல்லது, ட்ரான்ஸ்போமர் மட்டும் சின்னது. 7809 வைத்துச் சொந்தமாக அடப்டர் கட்டுகிறவர்கள் 12 வோல்ற் ட்ரான்ஸ்போமர் போடுவது இதற்காகத்தான். அது 190இலும் 12 வோல்ற்றுக்கு மேல் தரும்.

சிற்றலையை மீற்றரில் பார்க்க ஆசைப்பட்டால், பெடல் ஓடும்போது அடப்டரின் வெளியீட்டை ஆடலோட்ட அளவையில் வைத்து அளக்கலாம். மலிவு மீற்றர்கள் நேரோட்டத்தையும் சேர்த்து எண்ணிப் பொய் காட்டும். அதைத் தடுக்க ஒரு முனையோடு தொடராக 0.1 மைக்ரோ பரட் பொலியெஸ்ரர் கப்பாசிற்றர் ஒன்றைப் பிடியுங்கள். சில மில்லி வோல்ற் என்றால் நல்லது. நூற்றுக்கணக்கில் என்றால் உங்கள் குளம் தூர்ந்துவிட்டது.

அடப்டர் மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டு. பெடல் உலகத்தில் வழக்கமாகப் பிளக்கின் நடுத்துளை எதிர், வெளிவளையம் நேர். வீட்டிலுள்ள மற்ற அடப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வேலியடியில் கிடந்த றவுட்டர் அடப்டரைக் குத்திப் பெடலைக் கொன்ற கதை எனக்கு மூன்று தெரியும், ஒன்று என்னுடையது. மீற்றரின் சிவப்பு முனையை நடுத்துளைக்குள்ளும் கறுப்பை வெளியிலும் வைத்தால், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வர வேண்டும். 1966இல் வந்த பஸ் பேஸ் (Fuzz Face) போன்ற, ஜேர்மானியம் ட்ரான்சிஸ்ரர் வைத்த பழைய பெடல்கள் இன்னும் விசித்திரம். அவற்றில் பெட்டியின் உடலே நேர்முனையோடு சேர்ந்திருக்கும். அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே அடப்டரில் கிளை வயர் போட்டுக் கொடுத்தால் நேரும் எதிரும் நேராக முட்டும். அவற்றுக்குப் பற்றரிதான் நல்லது.

பொஸ் கம்பனிப் பெடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். பழையவற்றில் ஏசிஏ அடப்டர் என்று எழுதியிருக்கும். அது மட்டம் பிடிக்காத, 12 வோல்ற்றை ஒட்டி வருகிற அடப்டர். அதை இறக்குவதற்குப் பெடலுக்குள்ளேயே ஒரு தடையும் டயோட்டும் வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் வந்த பிஎஸ்ஏ அடப்டர் சரியாக 9 வோல்ற் தரும். அதைப் பழைய பெடலில் தனியாகப் பூட்டினால் சின்ன லைற் மங்கும், ஒலியும் சோரும். இரைச்சல் இராது, உயிரும் இராது. மறுபக்கமாக, ஏசிஏ அடப்டரைப் புதிய பெடலில் போட்டால் இரையும். "அடப்டர் சரியில்லை" என்று குறைப்படுகிறவர்களில் பலருக்கு அடப்டர் சரி, சோடிதான் பிழை.

பெட்டிக்குள்

இனி அந்தக் கால்வாசி. நல்ல அடப்டரிலும் மெல்லிய "ம்ம்" நிற்கிறதென்றால், பெடலுக்குள்ளே இருக்கிற குளமும் தூர்ந்திருக்கலாம்.

திறக்க முதல் குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். ஒலியைப் பெருக்குகிற டிரைவ் குமிழைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறினால், அது பெருக்கும் இடத்துக்கு முன்னாலேயே உள்ளே நுழைகிறது. வெளியே போகிற அளவை வைக்கிற லெவல் குமிழுக்கு மட்டும் அசைந்தால், பெருக்கும் இடத்துக்குப் பிறகு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பெடலைத் தாண்டி எங்கோ. எங்களுடையது டிரைவ் குமிழோடு சேர்ந்து ஏறியது.

பெடலின் அடித்தகட்டைக் கழற்றினால், மின்சாரம் வந்து விழுகிற இடத்தில் ஒரு உருளைக் கப்பாசிற்றர் இருக்கும். 47 அல்லது 100 மைக்ரோ பரட். அது வாசல் குளம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், ஆட்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். கிற்றாரின் ஒலி மேலும் கீழும் ஆடுகிற அலை. பெடலுக்குள் இருப்பதோ 0 முதல் 9 வரை மட்டும். கீழே ஆட இடம் வேண்டும் என்பதற்காக 9ஐப் பாதியாக்கி, 4.5 வோல்ற்றில் ஒரு மேசை போட்டு, அதன் மேல் ஒலியை வைக்கிறார்கள். ஒரே அளவான இரண்டு தடைகள், பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில், அந்தப் பாதியைப் பிரிக்கும். மேசை ஆடாமல் பிடிப்பது அவற்றின் சந்தியில் நிற்கிற கப்பாசிற்றர். அது நல்லாக இருந்தால், 47 மைக்ரோ பரட் என்று வையுங்கள், 100 ஹேட்ஸ் சிற்றலையை நூறு மடங்குக்கு மேல் அடக்கிவிடும். அது வற்றினால் சிற்றலையில் பாதி அப்படியே மேசைக்கு ஏறும். மேசை ஆடினால் அதன்மேல் வைத்த தேத்தண்ணியும் ஆடும்தானே. அதையும் டிரைவ் எடுத்துப் பல மடங்கு பெருக்கிவிடும்.

எது பழுது என்று அறியக் கழற்றத் தேவையில்லை. பெடலை ஓடவிட்டு, அதே அளவான புதுக் கப்பாசிற்றர் ஒன்றைப் பழையதின் இரண்டு காலிலும் முட்டும்படி கையால் பிடியுங்கள். எதிர்முனைப் பக்கம் உடலில் கோடு போட்டிருக்கும், கோட்டுக்கு நேரே கோடு வர வேண்டும். 9 வோல்ற் ஒன்றும் செய்யாது. முதலில் வாசல் குளத்தில் முட்டினேன், மாற்றமில்லை. பாதி வோல்ற்றில் முட்டினேன். முட்டியதும் இரைச்சல் யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது, எடுத்ததும் திரும்ப வந்தது. பெடியன் என் கையைப் பிடித்து மூன்று தடவை முட்டிப் பார்த்தான்.

பிறகுதான் அயன். பழையதைக் கழற்றியபோது அதன் அடியில் மண்ணிறப் பிசுக்கு ஒட்டியிருந்தது, வற்றியதற்கு முன் கசிந்தும் இருக்கிறது. புதிதாகப் போட்டது 16 வோல்ற் தாங்குகிறது. ஒரு பிளேன்ரீக் காசுகூட இல்லை. வாசல் கப்பாசிற்றரும் அதே வயது என்பதால் அதையும் மாற்றிவிட்டேன், இதற்குக் காரணம் கேட்டால் மனத்திருப்தி. பழைய பெடலை அச்சு அசல் நிலையிலேயே வைக்க விரும்புகிறவர்கள், கழற்றியதை ஒரு சின்னப் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். ஒலிக்கு நிறம் கொடுக்கிற சில்லையும் டயோட்டுகளையும் தொட வேண்டாம், அவற்றுக்கும் இந்த இரைச்சலுக்கும் தொடர்பில்லை.

ஒரு எல்லை: இதெல்லாம் 9 வோல்ற் பெடலுக்குத்தான். 1970களின் பெரிய பெட்டிகள் சிலவற்றில் 230 வோல்ற் வயர் நேராக உள்ளே போகும். அவற்றையும், எந்த அடப்டரின் உள்ளையும், பழகியவரிடம் கொடுங்கள்.

இரைச்சலைப் போக்க ஏர்த் வயரைக் கழற்றிவிடுகிற ஒரு பழக்கமும் மேடைக்காரர் நடுவில் இருக்கிறது. இரண்டு ஏர்த் பாதை சேர்ந்து வளையம் உண்டானால் இரைச்சல் வருவது உண்மை, ஒன்றைக் கழற்றினால் போவதும் உண்மை. ஆனால் அம்பிளிபயருக்குள் ஏதாவது கழன்று உடலில் முட்டினால், அந்த வயர்தான் உங்களைக் காப்பாற்றுவது. 1972 மே 3இல் வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார்க்காரர் லெஸ் ஹாவி, ஏர்த் சரியில்லாத மைக்கை மேடையில் தொட்டு மின்தாக்கி இறந்தார். பெடலும் அம்பிளிபயரும் எல்லாவற்றையும் பல பிளக் குத்துகிற ஒரே பலகையில் இருந்து எடுங்கள், பெரும்பாலும் வளையம் அதோடு அவிழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் போன் வந்தது. "அண்ணை, திரும்ப இரையுது." போனில் கேட்டால் என்ன தெரியும்? "கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு அப்படியே ஒரு சுற்றுச் சுற்று" என்றேன். ஒரு திசையில் கூடி, இன்னொரு திசையில் அடங்கியதாம். அது பெடல் இல்லை, பிக்கப். மின்சாரப் பழுது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவில் இரையும், காந்தப் புலம்தான் திசை பார்க்கும். அவன் நின்ற இடத்துக்கு நேர் மேலே பழைய சோக் வைத்த ரியூப் லைற். இரண்டு எட்டு வைத்து யன்னலடிக்குப் போய் நிற்கச் சொன்னேன்.